கேமராவுக்கு வேகமான, நம்பகமான மெமரி கார்டு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இது: "கேனான் ஆர்50 வாங்கி மூன்று மாதம் ஆகிறது. அடுத்த மாதம் தங்கை கல்யாணம், நானும் படம் எடுக்கப் போகிறேன். கார்டில் 'கிளாஸ் 10, 140 எம்பி' என்று போட்டிருக்கிறது. ஆனாலும் தொடர்ச்சியாக எடுத்தால் 'பிஸி' என்று காட்டி நின்றுவிடுகிறது. வேகமான, நம்பிக்கையான கார்டு எது?"

முதலில் தங்கைக்கு வாழ்த்துகள். உங்கள் கார்டு கெட்டுப் போகவில்லை, கேமராவும் நன்றாகத்தான் இருக்கிறது. அட்டையில் பெரிதாக அச்சடித்திருக்கும் அந்த 140, கார்டிலிருந்து படங்களைக் கணினிக்கு எடுக்கும் வேகம். கேமரா கார்டில் எழுதும் வேகம் வேறு. அதைப் பல கார்டுகளில் போடவே மாட்டார்கள். போட்டாலும் பெட்டிக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும்.

நான் கும்பகோணம் பக்கம் பன்னிரண்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். இந்த வித்தியாசத்தை மணமேடையில் நின்றுதான் கற்றுக்கொண்டேன்.

2014, ஆவணி முகூர்த்தம். அப்போது என்னிடம் இருந்த கேமராவில் இரண்டு கார்டு ஸ்லாட். ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் பதியும்படி வைத்திருந்தேன், ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று. முதல் ஸ்லாட்டில் நல்ல கார்டு. இரண்டாவதில் வீட்டு மேசை டிராயரில் கிடந்த பழைய கிளாஸ் 4 கார்டு. சேமிப்புக்குத்தானே, வேகம் எதற்கு என்று நினைத்தேன். சாஸ்திரிகள் கையை உயர்த்தினார், "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று நாலு பக்கமும் சத்தம், மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோகும்போதே ஷட்டரை அமுக்கிப் பிடித்துவிட்டேன். முதல் முடிச்சு கிடைத்தது. நாத்தனார் குனிந்து அடுத்த முடிச்சைப் போட வரும்போது ஷட்டர் விழவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. விரல் அமுக்குகிறது, கேமரா ஊமையாக நிற்கிறது. அட்சதை முழுவதும் கொட்டி முடிந்த பிறகுதான் விளக்கு அணைந்தது. இரண்டு கார்டிலும் எழுதச் சொன்னால் மெதுவான கார்டு முடிக்கும்வரை கேமரா காத்திருக்கும். என் நல்ல கார்டால் ஒரு பயனும் இல்லை.

வீடியோ எடுத்த தம்பி கொடுத்த காட்சியிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்து ஆல்பத்தில் ஒட்டினேன். பெண்ணின் அப்பா கவனிக்கவில்லை. நான் இன்னும் மறக்கவில்லை.

சரி, உங்கள் கேமராவுக்கு வருவோம். ஆர்50 நொடிக்கு 12 படம் எடுக்கும், 24 மெகாபிக்சல். ராவில், அதாவது ஜேபெக்காகச் சுருக்காமல் சென்சார் தரும் முழுத் தகவலோடு எடுத்தால், ஒரு படம் தோராயமாக 28 மெகாபைட் வரும். 12 படம் என்றால் நொடிக்கு 330 மெகாபைட்டுக்கு மேல். அந்தக் கேமராவின் ஸ்லாட் யூஎச்எஸ்-1 வகை. அந்த வகைக்கு உச்சவரம்பே நொடிக்கு 104 மெகாபைட்தான். உலகிலேயே விலை உயர்ந்த கார்டைப் போட்டாலும் 330 ஓடாது. ஆகவே எல்லாப் படமும் முதலில் கேமராவுக்குள் இருக்கும் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் போய் நிற்கும், அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கார்டுக்கு இறங்கும். பஃபர் நிரம்பினால் பிஸி.

பஃபரில் எட்டு ரா படம் தேங்கி நிற்கிறது என்று வையுங்கள், 224 மெகாபைட். நொடிக்கு 80 எழுதும் கார்டு அதை மூன்று நொடிக்குள் காலி செய்துவிடும். நொடிக்கு 20 எழுதும் கார்டுக்குப் பதினோரு நொடி வேண்டும். நல்ல கார்டு வாங்கினாலும் கேமரா நிற்கத்தான் செய்யும், சீக்கிரம் திரும்ப எழுந்துவிடும், அவ்வளவே. கார்டு கடைக்காரர் யாரும் இதைச் சொல்லமாட்டார்.

அடுத்தது குறியீடுகள். ஒரே கார்டில் ஐந்தாறு இருக்கும், பெரும்பாலானவை குறைந்தபட்ச எழுதும் வேகத்தைச் சொல்பவை. 'சி' எழுத்துக்குள் 10 இருந்தால் தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 10 மெகாபைட்டுக்குக் குறையாது என்று உத்தரவாதம். 'யூ' எழுத்துக்குள் 1 இருந்தாலும் அதே 10தான். 'யூ'வுக்குள் 3 என்றால் 30. 'வி'க்குப் பக்கத்தில் 30, 60, 90 என்று இருந்தால் அந்த எண்ணே மெகாபைட். உங்கள் கார்டின் 'கிளாஸ் 10' என்பது இந்த வரிசையில் கீழ்ப்படி. 'ஏ1', 'ஏ2' என்றும் சிலவற்றில் இருக்கும்; அது செல்போனில் செயலிகளை ஓட்டுவதற்கு, கேமராவுக்குச் சம்பந்தமில்லை.

இவை எல்லாம் அடிமட்டக் கணக்கு. வி30 கார்டு ஒன்று நொடிக்கு 35 எழுதலாம், இன்னொன்று 85 எழுதலாம், இரண்டுக்கும் ஒரே முத்திரைதான். அதனால்தான் முத்திரையோடு நிற்காமல் தயாரிப்பாளர் சொல்லும் எழுதும் வேகத்தையும் தேடிப் பார்க்க வேண்டும். அதே பெயர், அதே நிறக் கார்டிலேயே 32 ஜிபிக்கு ஒரு வேகம், 128க்கு இன்னொரு வேகம் என்று இருப்பதும் உண்டு.

வீடியோ எடுப்பவர்கள் ஒரு இடத்தில் வழக்கமாகக் குழம்புவார்கள். கேமரா மெனுவில் வீடியோ வேகம் மெகாபிட்டில் இருக்கும், கார்டில் மெகாபைட்டில் இருக்கும். எட்டு மெகாபிட் ஒரு மெகாபைட். ஆர்50ல் 4கே வழக்கமான தரம் 120 மெகாபிட், அதாவது நொடிக்கு 15 மெகாபைட். வி30 கார்டுக்கு அது பாதி வேலைதான். வி90 வாங்கச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நொடிக்கு 400 மெகாபிட் ஓடும் பெரிய கேமராக்களுக்குத்தான் வி60 தேவைப்படும்.

யூஎச்எஸ்-2 கார்டு பற்றியும் கேட்பீர்கள். திருப்பிப் பார்த்தால் தங்க நிறப் பட்டைகள் இரண்டு வரிசையாக இருக்கும். ஒரு வரிசை மட்டும் இருந்தால் யூஎச்எஸ்-1. இரண்டு வரிசைக் கார்டை உங்கள் கேமராவில் போடலாம், வேலை செய்யும், ஆனால் கேமராவில் ஒரு வரிசைக்குத்தான் தொடர்பு இருக்கிறது. இரண்டாவது வரிசைக்குக் கொடுத்த காசு வீண். ஆர்10க்கு மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம், அதில் யூஎச்எஸ்-2 ஸ்லாட். சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்பது வேறு உருவத்தில் வரும் கார்டு, உங்கள் கேமராவில் நுழையவே நுழையாது.

இன்னொரு வேடிக்கை. யூஎச்எஸ்-1க்கு உச்சம் 104 என்றேன். கடையில் அதே யூஎச்எஸ்-1 கார்டில் 170, 200 என்று போட்டிருப்பார்கள். பொய் இல்லை. அந்தந்த நிறுவனம் தனக்கென வைத்திருக்கும் தனி முறையில், அதற்கேற்ற ரீடரில் போட்டால் அந்த வேகம் வரும். உங்கள் கேமராவுக்கு அந்த முறை தெரியாது.

ரீடர் என்றதும் ஞாபகம் வருகிறது. நல்ல கார்டு வாங்கிவிட்டு, பழைய யூஎஸ்பி 2 ரீடரில் சொருகி "கார்டு மெதுவாக இருக்கிறது" என்று புலம்பும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அந்த ரீடர் நொடிக்கு 35 மெகாபைட் கொடுத்தால் பெரிய விஷயம். 64 ஜிபி இறக்க அரை மணி நேரம். யூஎஸ்பி 3 ரீடரில் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இனி நம்பகம். என் கணக்கில் வேகத்தைவிட இதுதான் முக்கியம், ஏனென்றால் பஃபர் நிரம்பினால் போவது ஒரு படம், கார்டு போனால் போவது கல்யாணம்.

போலிக் கார்டில் நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். இணையத்தில் 128 ஜிபி, சந்தை விலையில் பாதிக்கும் கீழே. அட்டை, ஹோலோகிராம், எல்லாம் அச்சு அசல். கணினியில் போட்டால் 128 ஜிபி என்றே காட்டியது. ஒரு வரவேற்பு முழுவதையும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கோப்புப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன, அளவும் சரியாக இருக்கிறது. திறந்தால் முதல் சில நூறு படம் சரி, அதன்பிறகு படத்தின் மேல் கால்வாசியில் மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி, கீழே முழுக்கச் சாம்பல் நிறம். அதற்கும் அப்புறம் திறக்கவே இல்லை. உள்ளே இருந்தது 16 ஜிபி சில்லு. 128 என்று பொய் சொல்லும்படி, கார்டை இயக்கும் கன்ட்ரோலரை மாற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த 16 நிரம்பிய பிறகு வருவதெல்லாம் காற்றில் எழுதியதுதான். கேமராவுக்கு அது தெரியாது, பதிந்துவிட்டதாகவே காட்டும். நல்ல வேளை, அது என்னுடைய இரண்டாவது கேமரா.

அன்றிலிருந்து, பில்லோடு வாங்கிய கார்டாக இருந்தாலும் சோதிக்காமல் வேலைக்கு எடுத்துப் போவதில்லை. விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸிலும் மேக்கிலும் 'எஃப்3'. இரண்டும் இலவச மென்பொருள். கார்டு முழுவதையும் தரவால் நிரப்பி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். கடைசியில் எழுதும் வேகத்தையும் சொல்லிவிடும், அட்டையில் போடாமல் மறைத்த அதே எண். இரவு போட்டுவிட்டுத் தூங்கிவிடுங்கள்.

இணையத்தில் வாங்கினால் பொருளின் பெயரைவிட விற்பவர் பெயரைப் பாருங்கள், அந்தக் கார்டு நிறுவனம் அங்கீகரித்த விற்பனையாளரா என்று. வாரன்டி பற்றிப் பெரிதாக எண்ண வேண்டாம். ஐந்து வருடமோ, ஆயுளுக்குமோ, புதுக் கார்டுதான் கொடுப்பார்கள். அதில் இருந்த படத்தை யாரும் கொடுக்கமாட்டார்கள்.

உங்களுக்கு என் சிபாரிசு: யூஎச்எஸ்-1, வி30, எழுதும் வேகம் 90 என்று தயாரிப்பாளரே சொல்வது, 64 ஜிபியில் இரண்டு. சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோ இந்த வகைதான், நேர்மையான கடையில் பார்த்து வாங்குங்கள். ஒரு கார்டில் ரா படமே இரண்டாயிரத்துக்கு மேல் பிடிக்கும். 4கே வீடியோவும் எடுப்பீர்கள் என்றால் மணிக்கு 54 ஜிபி போகும், அப்போது 128 ஆக வாங்கலாம். மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகிப் போடாதீர்கள். இடையில் இன்னொரு தொடர்புப் புள்ளி, அது தளர்ந்தால் போச்சு.

ஏன் ஒரே பெரிய கார்டு வேண்டாம் என்றால், உங்கள் கேமராவில் ஸ்லாட் ஒன்றுதான். முகூர்த்தம் ஒரு கார்டில், வரவேற்பு இன்னொன்றில் இருந்தால் எது நடந்தாலும் பாதியாவது வீட்டில் இருக்கும். நான் கார்டுகளின் மேல் மார்க்கரில் எண் போட்டு வைத்திருக்கிறேன். பெட்டியில் நிமிர்ந்து இருந்தால் காலி, கவிழ்ந்து இருந்தால் படம் உள்ளது. சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும், ஆனால் இருட்டு மண்டபத்தில் பந்திக்கு நடுவே கார்டு மாற்றும்போது அருமை புரியும்.

ஆர்50ல் கார்டு பேட்டரி மூடிக்குள்ளேயே இருக்கிறது. சிவப்பு விளக்கு எரியும்போது அந்த மூடியைத் திறக்காதீர்கள். பெரிய ட்ரைபாட் தட்டு மாட்டியிருந்தால் மூடி முழுதாகத் திறக்காமல் இடிக்கும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டைக் கணினியில் ஃபார்மட் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள், அதுவும் படங்கள் இரண்டு இடத்தில் பத்திரமான பிறகு. கார்டு நாளடைவில் மந்தமானால் ஃபார்மட் மெனுவிலேயே லோ லெவல் ஃபார்மட் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போடுங்கள். ஆனால் அதற்கு அப்புறம் பழைய படம் மீளாது. சாதாரண ஃபார்மட்டில் மீளும். என் உதவியாளர் ஒருவர் பெட்டியில் கவிழ்ந்திருந்த கார்டை எடுத்து ஃபார்மட் செய்துவிட்டு, பத்துப் பதினைந்து படமும் எடுத்துவிட்டார். தெரிந்த நிமிடமே கார்டை வெளியே எடுத்துத் தனியே வைத்தோம். இரவு 'ஃபோட்டோரெக்' என்ற, அழிந்த படங்களை மீட்கும் மென்பொருளை ஓட்டினேன், அதுவும் இலவசம். பெயரெல்லாம் போய் வெறும் எண்களாக, நேர வரிசை கலைந்து, நலங்கும் காசி யாத்திரையும் மாறி மாறி வந்தன. புதுப் படங்கள் மேலே எழுதப்பட்டதால் அழிந்த பத்துப் பதினைந்து பழைய படம் மட்டும் வரவில்லை. மேற்கொண்டு எடுத்திருந்தால் மிச்சமும் போயிருக்கும்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள், புதுக் கார்டைப் போட்டு, ராவில் பிஸி வரும்வரை அமுக்கிப் பிடித்து, விளக்கு அணைய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான்கைந்து நொடியில் அணைந்தால் போதும். அதுவும் பற்றாது என்று தோன்றினால் சி-ரா, அதாவது சுருக்கிய ரா வைத்துக்கொள்ளுங்கள், கோப்பு ஏறத்தாழ பாதி அளவுக்கு வந்துவிடும். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை கையைத் தூக்கியதுமே அமுக்க ஆரம்பிக்காமல், முடிச்சுக்கு முடிச்சு விட்டு விட்டு அமுக்குங்கள்; மூன்றாவது முடிச்சுக்குப் பஃபரில் இடம் இருக்கட்டும்.