ஹீட்டட் ரோலர் (மின்சாரத்தில் சூடேற்றி முடியைச் சுற்றும் உருளை) வைத்து 1940களின் சுருள் முடி வீட்டிலேயே வருமா? எனக்கு ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடுகிறதே, ஏன்?

வரும். ஆனால் உங்கள் கேள்வியின் பின்பாதிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். "சூடான ரோலரைச் சுற்றி, பத்து நிமிடம் வைத்து, எடுத்து, ஸ்ப்ரே அடித்தேன். ரிசப்ஷன் மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் முடி பழையபடி நேராகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் கோளாறு. நானும் முதல் ஒரு வருடம் இதே தப்பைச் செய்துவிட்டு ஸ்ப்ரேயைத் திட்டிக்கொண்டிருந்தவள்தான்.

சூடு முடியை இளக்கத்தான் செய்யும், சுருட்டாது. முடி கெராட்டின் என்கிற புரதத்தால் ஆனது. அதன் இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவற்றில் ஹைட்ரஜன் பிணைப்புகளும் உண்டு. ஈரம் பட்டாலோ சூடு பட்டாலோ அவை விட்டுப்போகும். காயும்போதோ ஆறும்போதோ முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ, அந்த வடிவத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பின்னல் போட்டு, சாயங்காலம் அவிழ்த்தால் அலை அலையாக இருக்குமே, அதே சங்கதிதான். பார்லரில் செய்யும் பெர்ம் வேறு. அதில் ரசாயனம் போட்டுக் கந்தகப் பிணைப்பையே உடைத்து மாற்றுகிறார்கள், அதனால் தண்ணீர் பட்டாலும் போகாது. நம்முடையது தண்ணீர் பட்டால் போய்விடும். சென்னைக் காற்றில் இருக்கும் ஈரமே கூடப் போதும்.

ஆக, ரோலர் சூடாக இருக்கும்போதே உருவினால் முடி தொங்கிக்கொண்டு ஆறும். தொங்கின வாக்கிலேயே பிடித்துக்கொள்ளும். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க மாட்டோம் என்கிறோம், அவ்வளவுதான் விஷயம். கடைசி ரோலரைச் சுற்றிய பிறகு குறைந்தது அரை மணி நேரம். என்னுடையது அடர்த்தியான முடி, முக்கால் மணி நேரம் விடுகிறேன். ஆறிவிட்டதா என்று ரோலரின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். பின்மண்டையில் ஒரு ரோலரைத் தேர்ந்தெடுத்து, அதற்கும் தலைக்கும் நடுவில் விரலை நுழையுங்கள். வெளியே சில்லென்று இருக்கும், உள்ளே இன்னும் வெதுவெதுப்பு இருக்கும். அந்த வெதுவெதுப்பு போக வேண்டும்.

இன்னொன்று. 1940களில் ஹீட்டட் ரோலர் வழக்கத்தில் இல்லை. அன்றைக்கு அமெரிக்கப் பெண்கள் ராத்திரி ஈர முடியைச் சிறுசிறு கற்றையாக எடுத்து, விரலில் சுற்றி, தலையோடு ஒட்டினாற்போல் பின் குத்திக்கொண்டு, வலை கட்டிப் படுத்துவிடுவார்கள். பின் கர்ல் என்று பெயர். ஒரு ராத்திரி முழுக்கக் காயும், அதனால் அசையாமல் நிற்கும். மின்சாரத்தில் சூடேறும் ரோலர் செட் 1960களில்தான் பரவலாக வந்தது. டென்மார்க்கில் காலுண்ட்போர்க் என்ற ஊரில் செய்த 'கார்மென் கர்லர்ஸ்' அதில் பேர் பெற்றது. நீங்கள் செய்யப் போவது 1940களின் தோற்றம், 1960களின் குறுக்குவழி. பின் கர்ல் அளவுக்கு நிற்க வேண்டும் என்று இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு ரிசப்ஷனுக்குத் தாங்கும்.

பழைய செட்டுகளில் ரோலருக்குள் மெழுகு இருக்கும். அது உருகும்போது வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, உறையும்போது மெதுவாக விடும். அதனால்தான் பழைய செட் கிடைத்தால் பலர் விடுவதில்லை. இப்போது வரும் மலிவான செட்டுகள் சீக்கிரம் ஆறிவிடுகின்றன. அதில் பத்து ரோலரையும் எடுத்து மேசையில் பரப்பிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தால், ஆறாவது ரோலருக்கு வரும்போது சூடே இருக்காது. ஒவ்வொன்றாகச் சூடேற்றும் தட்டிலிருந்து எடுத்துச் சுற்றுங்கள்.

என் முதல் செட் சித்தி நியூ ஜெர்சியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. நான் ஒரு அடாப்டரை மாட்டிச் சொருகிவிட்டு நிம்மதியாக முடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டைக் குறைக்காது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. வோல்ட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆனால் கம்பியில் ஏறும் சூடு நான்கு மடங்கை நெருங்கிவிடும். சில நிமிடங்களில் கருகல் வாடை. ஓடிப்போய்ப் பார்த்தால் தட்டு நெளிந்து, ஒரு ரோலரின் அடியில் மெழுகு ஒழுகி, கார்த்திகை தீபம் அணைந்த மறுநாள் விளக்கு மாதிரி கிடந்தது. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால், பெட்டியின் அடியில் என்ன வோல்ட் போட்டிருக்கிறது என்று பார்க்காமல் சொருகாதீர்கள்.

சரி, முடிக்கு வருவோம். எண்ணெய் கூடாது, ஒரு சொட்டுக்கூட. அதற்காக அன்றைக்கே ஷாம்பு போட்டுக் குளித்த முடியும் வேண்டாம். வழுக்கிக்கொண்டே போகும், ரோலரில் பிடிக்காது. முந்தைய நாள் குளித்த முடிதான் சரி. முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈர முடியில் சூடான ரோலரைச் சுற்றினால் அந்தச் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும்.

பிடிமானத்துக்கு நுரையாக வரும் ஹேர் மூஸ் கொஞ்சம் தடவிக் காயவிடலாம். ஆளி விதையை ஒரு கப் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கொதிக்கவைத்து, வெண்டைக்காய்க் கொழகொழப்பு வந்ததும் சூட்டோடு வடிகட்டினால் அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆறிவிட்டால் வடியாது. சர்க்கரைத் தண்ணீர் தடவலாம் என்று ஒரு பழைய குறிப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. பிடிக்கத்தான் செய்யும். ஆனால் நான் அதைப் பூசிக்கொண்டு மத்தியானம் ஒரு தூக்கம் போட்டேன். தலையணையில் எறும்பு வரிசை.

உங்கள் முடி எவ்வளவு நீளம் என்று எழுதவில்லை. நம் ஊரில் பெரும்பாலும் தடுக்கும் சங்கதி இதுதான். இடுப்பு வரை, ஒரே நீளமாக வெட்டிய முடி என்றால் அதன் கனமே சுருளை இழுத்து அவிழ்த்துவிடும். அன்றைய ஹாலிவுட் படங்களில் பார்க்கும் தோற்றத்துக்குத் தோள்பட்டை அளவில், அடுக்கடுக்காக வெட்டிய முடி வேண்டும். அந்தக் காலத்து வெட்டே அப்படித்தான். முடியை வெட்ட மனசில்லை என்றால், நுனிப்பக்கம் முக்கால் அடியை மட்டும் சுருட்டி, கழுத்துக்குக் கீழே உள்பக்கமாக மடித்துப் பின் குத்தி, குட்டை முடி போலக் காட்டலாம். முன்னால் இருந்து பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

இனிச் சுற்றுவது. ஒரு பக்க வகிடு எடுங்கள். ஒரு கற்றையின் அகலம் ரோலரின் நீளத்தைத் தாண்டக் கூடாது, கனம் ரோலரின் குறுக்களவைத் தாண்டக் கூடாது. இதை மீறினால் வெளிச்சுற்றில் இருக்கும் முடிக்குச் சூடே போய்ச் சேராது. உச்சந்தலைக் கற்றையை நேராக மேலே தூக்கிப் பிடியுங்கள். நுனியை ஒரு துண்டு டிஷ்யூ பேப்பருக்குள் வைத்து மடித்து, அந்தப் பேப்பரோடு ரோலரில் சுற்ற ஆரம்பியுங்கள். இந்தப் பேப்பரை அலட்சியம் செய்யாதீர்கள். அது இல்லாவிட்டால் நுனி மடங்கித் தூண்டில் முள் மாதிரி நிற்கும், அப்புறம் எந்த பிரஷுக்கும் மசியாது. இழுத்துப் பிடித்தபடியே வேர் வரை சுற்றி, ரோலர் அந்தக் கற்றை கிளம்பிய இடத்திலேயே உட்காரும்படி வைத்துப் பின் குத்துங்கள். ரோலர் அந்த இடத்தை விட்டு விலகி உட்கார்ந்தால் வேரில் முடி எழும்பாமல் படிந்துவிடும். காதோரத்திலும் நெற்றி ஓரத்திலும் ரோலருக்கு அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், சுடும்.

வரிசைகளைச் செங்கல் அடுக்குவது போல வையுங்கள். மேல் வரிசையில் இரண்டு ரோலருக்கு நடுவே வரும் இடைவெளிக்கு நேர் கீழே அடுத்த வரிசையின் ரோலர் வர வேண்டும். இல்லாவிட்டால் பிரஷ் செய்த பிறகு மண்டையில் வாய்க்கால் வெட்டினது போல வெள்ளைக் கோடுகள் தெரியும். எல்லா ரோலரையும் ஒரே பக்கமாக, நுனி உள்நோக்கிப் போகும்படி சுற்றுங்கள். பார்லரில் 'இயற்கையாக இருக்கும்' என்று சொல்லி ஒன்றை உள்ளே, ஒன்றை வெளியே என்று மாற்றி மாற்றிச் சுற்றுவார்கள். அது இந்தக் காலத்து ஸ்டைல். பழைய ஸ்டைலில் பக்கத்துப் பக்கத்துச் சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி ஒரே அலையாகச் சேர வேண்டும். திசை மாறினால் அவை ஒன்றையொன்று முட்டிக்கொண்டு பரட்டைதான் மிஞ்சும்.

இவ்வளவும் செய்து, ஆறவிட்டு, ரோலரை உருவி எடுத்ததும் தலை நிறையக் குட்டிக் குட்டி ஸ்பிரிங் தொங்கும். நிறையப் பேர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஐயோ, இவ்வளவு பாடுபட்டுச் சுருட்டியதை யாராவது பிரஷ் போட்டுக் கலைப்பார்களா என்று பயம். கலைக்கத்தான் வேண்டும். பிரஷ் செய்யாத சுருள், பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் இளவரசி வேஷம் மாதிரி இருக்கும். பழைய தோற்றம் முழுக்கப் பிரஷ்ஷில்தான் இருக்கிறது.

அடர்த்தியான மயிர் வைத்த பிரஷ் வேண்டும், சீப்பு உதவாது. நுனியில் தொடங்கி மேலே ஏறி, பிறகு வேரிலிருந்து நுனி வரை, தயங்காமல் அழுத்தி வாருங்கள். முதல் ஐந்து நிமிடம் தலை பஞ்சு மூட்டை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். நான் முதல் தடவை அந்தக் கட்டத்தில் இருந்தபோது அம்மா அறைக்குள் எட்டிப் பார்த்து, "என்னடி இது, கரண்டு அடிச்சிருச்சா?" என்று கேட்டார். அழுகையே வந்துவிட்டது, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். இன்னும் ஐந்து நிமிடம் வாரியிருந்தால் வந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. விடாமல் வாரினால் ஏதோ ஒரு கட்டத்தில் அந்த உப்பல் எல்லாம் அடங்கி, முடி தானாக மடிந்து ஒரு பள்ளம், ஒரு மேடு என்று அலையாக உட்கார ஆரம்பிக்கும். ஒரு கை பிரஷ்ஷை இழுக்கும்போது இன்னொரு கையை முடிக்கு அடியில் வைத்து மேலே தள்ளிக்கொடுங்கள், அலை எங்கே மடிய விரும்புகிறது என்று கைக்கே தெரியும். பள்ளம் விழும் இடங்களில் நீளக் கிளிப்பைக் குறுக்காகப் போட்டு, ஸ்ப்ரே அடித்து, பத்து நிமிடம் விட்டு எடுத்தால் அந்த மடிப்பு நிற்கும். கடைசியில், அதுவரை தடை செய்து வைத்திருந்த தேங்காய் எண்ணெயை ஒரே ஒரு சொட்டு உள்ளங்கையில் தேய்த்து, மேலாகத் தடவினால் பறக்கும் இழைகள் படியும்.

ஒரு கண்ணை மறைத்து விழும் அலைக்குப் பேர்போனவர் ஹாலிவுட் நடிகை வெரோனிகா லேக். இரண்டாம் உலகப் போரின்போது தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன பெண்களும் அதே மாதிரி முடியைத் தொங்கவிட, இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து வந்தது. அமெரிக்க அரசாங்கம் கேட்டுக்கொண்டதால் 1943இல் அவரே முடியைத் தூக்கிக் கட்டி, அதைச் செய்திப்படமாக எடுத்துக் காட்டினார்கள். ஏன் சொல்கிறேன் என்றால், மண்டபத்தில் பந்தியில் உட்காரும்போது அந்த முன் அலை சாம்பாரில்தான் விழும். காதுக்கு மேல் ஒரு பின் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பூ வைக்க ஆசை என்றால், அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே காதோரம் வெள்ளை கார்டீனியாப் பூ வைத்துப் பாடியது நினைவுக்கு வரும். நமக்கு அடுக்கு நந்தியாவட்டை கிட்டத்தட்ட அதே தோற்றம் தரும். சரமாக மல்லிகை வேண்டாம், அது கனத்தால் அலையை அமுக்கிவிடும்.

ஸ்கூட்டரில் போவதாக இருந்தால் இதையெல்லாம் மறந்துவிடுங்கள், ஹெல்மெட்டுக்கு முன்னால் எந்த ரோலரும் நிற்காது. ஏசி காரோ கால் டாக்ஸியோதான். மழைக்காலமானால் முன்னாடி மட்டும் அலை வைத்துக்கொண்டு பின்பக்கத்தைச் சுருட்டிக் கட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

ஆறரைக்கு ரிசப்ஷன் என்றால் மூன்றரைக்கு உட்காருங்கள். ரோலர் சூடேறப் பத்துப் பதினைந்து நிமிடம், சுற்ற நாற்பது, ஆற முக்கால் மணி, வார இருபது. ஆறும் நேரத்தில் மேக்கப்பையும் புடவையையும் முடித்துவிடலாம், கைக்கும் வேலை, ரோலரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கவும் தோன்றாது. புடவை இல்லை, சுடிதார்தான் என்றால் ரோலர் சுற்றுவதற்கு முன்பே போட்டுக்கொண்டுவிடுங்கள். நான் ஒரு தடவை இருபது ரோலரையும் தலையில் வைத்துக்கொண்டு அந்தக் கழுத்துக்குள் நுழையப் பார்த்து, உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல், கண்ணை மூடிய துணிக்குள்ளிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.