சாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: அம்மா, நான் ஒஹாயோ மாநிலம் டேட்டனில் இருக்கிறேன். போன மாதம் ஓர் எஸ்டேட் சேலில் (ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்றுத் தீர்க்கும் விற்பனை) பச்சைப் பூந்தொட்டி ஒன்றை 12 டாலருக்கு வாங்கினேன். அடியில் ‘மெக்காய்’ என்று பொறித்திருக்கிறது. அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை. பழைய அமெரிக்க மட்பாண்டங்களைச் சேகரிக்க எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தம்பி, ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு தண்ணீருக்கு வழி கேட்கிறீர்கள்! கொலம்பஸிலிருந்து 70ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே ஒரு மணி நேரம் போனால் ஜேன்ஸ்வில். அந்த வட்டாரத்தில் நல்ல களிமண் இருந்தது. சூளை எரிக்க நிலக்கரியும் இயற்கை எரிவாயுவும் இருந்தன. அதனால்தான் வெல்லர், ரோஸ்வில், மெக்காய், ஹல் என்ற மட்பாண்டக் கம்பெனிகள் எல்லாம் அக்கம்பக்கத்து ஊர்களில் முளைத்தன. ஒரு சின்ன வேடிக்கை: ரோஸ்வில் கம்பெனி பெரும்பகுதி காலம் இயங்கிய ஊர் ஜேன்ஸ்வில். ரோஸ்வில் என்ற ஊரில் இருந்தது மெக்காய். இதில் நான் இரண்டு வருடம் குழம்பியிருக்கிறேன்.

மெக்காயிலேயே தொடருங்கள். 1910 முதல் 1990 வரை நடந்த தொழிற்சாலை. வீட்டுக்கு வீடு வாங்கிய சாமான்கள். அதனால் இன்றும் மலிவு, தவறு செய்தாலும் கை சுடாது. என்னுடைய முதல் ஆறு பாண்டங்களில் நான்கில் விரிசல் இருந்தது. எல்லாம் சேர்ந்து 50 டாலர்கூட ஆகவில்லை. அந்தப் படிப்புக்கு அது குறைந்த கட்டணம்தான்.

கடையில் பூ அழகைப் பார்த்து மயங்காமல், முதலில் சாடியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். பெயர், வடிவ எண், அளவு, தேய்மானம் எல்லாம் அங்கேதான் இருக்கும். சின்சினாட்டியில் 1880இல் தொடங்கிய ரூக்வுட் மட்பாண்டக் கம்பெனி இதில் எனக்குப் பெரிய ஆசான். திரும்பிய ‘ஆர்’ எழுத்தும் ‘பி’யும் ஒட்டிக்கொண்டிருக்கும் முத்திரையை 1886இல் கொண்டுவந்தார்கள். மறு வருடத்திலிருந்து அதைச் சுற்றி ஆண்டுக்கு ஒரு தீச்சுடர் கூடிக்கொண்டே போனது. 1900இல் 14 சுடர்கள். 1901 முதல் சுடர்களை அப்படியே விட்டுவிட்டு, கீழே ரோமன் எண்ணில் ஆண்டைப் போட்டார்கள். சுடரை எண்ணத் தெரிந்தால் சாடி தன் வயதைத் தானே சொல்லிவிடும். இப்போதைக்கு அதை வாங்க நினைக்காதீர்கள், விலை கடிக்கும். சின்சினாட்டி கலை அருங்காட்சியகத்தில் கண்ணாரப் பார்த்துவிட்டு வாருங்கள். கண் பழகினால் பிறகு கை ஏமாறாது.

எஸ்டேட் சேலில் கடைசி நாள் பெரும்பாலும் பாதி விலைக்குத் தருவார்கள். ஏலத்துக்குப் போனால், சுத்தியல் விழுந்த தொகைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம் தனியாகச் சேரும். அதையும் கணக்குப் போட்டுவிட்டுக் கையைத் தூக்குங்கள். வாங்குவதற்கு முன் விரல் கணுவால் மெல்லத் தட்டுங்கள். சட்டி வாங்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: கணீர் என்றால் நலம், பொத்தென்றால் எங்கோ விரிசல். பிறகு விளிம்பையும் கைப்பிடி ஒட்டிய இடத்தையும் விரலால் தடவுங்கள். புற ஊதாக் கைவிளக்கு ஒன்று வைத்துக்கொண்டால், ஒட்டி வண்ணம் பூசிய இடம் பல நேரம் வேறு நிறத்தில் ஒளிரும்.

கேள்வி: ரோஸ்வில் சாடிகளில் போலிகள் உண்டு என்கிறார்களே, கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: புண்ணில் கை வைத்துவிட்டீர்கள். 1990களின் பிற்பகுதியில் ஒரு பழம்பொருள் அங்காடியில் 140 டாலர் கொடுத்து ‘மக்னோலியா’ என்ற ரோஸ்வில் வகைப் பூச்சாடி வாங்கினேன். காரில் வரும்போது மடியிலேயே வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தால், ‘ரோஸ்வில்’ மட்டும் புடைத்துக்கொண்டு நிற்கிறது, ‘யு.எஸ்.ஏ.’ இல்லை. 1940களின் அசல் சாடிகளில் பொதுவாக இரண்டும் இருக்கும். கூடவே வடிவ எண்ணும், ஒரு கோடு போட்டு அங்குலக் கணக்கில் அளவும் இருக்கும். சீனாவில் வார்த்து வந்த போலிகள் அப்போது சந்தையில் நிறைந்திருந்தன. நிறம் பகட்டு, பூவிதழ் மழுங்கல். அந்தச் சாடியை நான் தூக்கி எறியவில்லை. அதில்தான் கரண்டிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். தினமும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

ஆனால் முத்திரை இல்லை என்பதாலேயே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1920, 30களின் ரோஸ்வில் பலவற்றில் வெறும் காகித ஒட்டுச்சீட்டுதான் இருந்தது. அது எப்போதோ உரிந்து போயிருக்கும். மெக்காய்க்கும் போலி உண்டு. அசலையே அச்சாக வைத்து வார்ப்பார்கள். சூளையில் மண் சுருங்கும். ஆகவே நகல் அசலைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். சேகரிப்பாளர் கையேட்டில் உள்ள அளவையும் ஒரு டேப்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: பாட்டியம்மா ஒருவர் தம் வீட்டைக் காலி செய்தபோது செம்மஞ்சள் நிற ‘ஃபியெஸ்டா’ தட்டுகள் கொடுத்தார். அதில் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். மேற்கு வர்ஜீனியாவின் ஹோமர் லாஃப்லின் கம்பெனி 1936இல் ஃபியெஸ்டாவை வெளியிட்டபோது, அந்த நிறத்துக்கு யுரேனியம் கலந்த மெருகைப் (சுட்டதும் கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சு) பூசியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யுரேனியம் அரசின் கைக்குப் போகவே அந்த நிறம் நின்றது. 1959இல் மீண்டும் வந்து 1970களின் தொடக்கத்தில் முடிந்தது. அலமாரியில் அழகுக்கு வைத்தால் பயமில்லை. உணவு வேண்டாம், அதிலும் புளிப்பு கூடவே கூடாது. 1986 முதல் வருகிற ஃபியெஸ்டாவில் யுரேனியம் கிடையாது. அதில் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: பழைய சாடியின் மெருகில் சிலந்தி வலைபோல் மெல்லிய வெடிப்புகள், அதில் பழுப்புக் கறை. பிளீச்சில் ஊறவைக்கலாமா?

பதில்: ஐயோ! வெடிப்பு வழியே பிளீச் உள்ளே இறங்கி, காய்ந்த பிறகு உப்பாகப் பூத்து மெருகையே பெயர்த்துவிடும். அந்த வலை, மண்ணும் மெருகும் வெவ்வேறு அளவில் சுருங்கியதால் வந்தது. வயதின் ரேகை, பெரும்பாலான சேகரிப்பாளர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு சோப்பு, மெல்லிய துணி. கறை போகாவிட்டால் சாடியைக் கொஞ்சம் திருப்பி, அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி வையுங்கள். என் வீட்டில் பாதிச் சாடிகள் அப்படித்தான் நிற்கின்றன.