சினிமா ஒலிக்கூடத்தில் உதவி சவுண்ட் எடிட்டர் வேலைக்கு நேர்காணல் வந்திருக்கிறது. எப்படித் தயாராவது?

நேர்காணலுக்கு அழைத்துவிட்டார்கள் என்றால், ஒலி எடிட்டிங் மென்பொருளான புரோ டூல்ஸ் உங்களுக்குத் தெரியும் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதனால் பிளக்-இன் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். சென்னையில் இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது உடன் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் காதையும், வேலையில் உள்ள ஒழுங்கையும்தான் பார்ப்பார்கள்.

பெரும்பாலும் லைவ் சவுண்டில் (படப்பிடிப்பிலேயே வசனத்தைப் பதிவு செய்யும் முறையில்) எடுத்த ஒரு சிறு காட்சியைக் கொடுத்து, வசனத்தைச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். வருகிற பலர் உடனே இரைச்சல் நீக்கும் கருவியைத் திறந்து, குரலின் உயிரையே உறிஞ்சிவிடுகிறார்கள். முதலில் காட்சியை முழுதாகக் கேளுங்கள். கோலில் பிடிக்கும் பூம் மைக், சட்டையில் மாட்டும் லேப்பல் மைக் இரண்டில் எது நன்றாக இருக்கிறது என்று வரிக்கு வரி பாருங்கள். வெட்டிய இடைவெளியை அதே காட்சியின் ரூம் டோனால், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் ஒலியால் நிரப்புங்கள். மௌனமாக விட்டால் அந்த இடம் ஓட்டையாகக் கேட்கும். வசனத்துக்கு முன் வரும் மூச்சை வெட்டி எறியாதீர்கள். அது நடிப்பின் பகுதி. மூல ஒலியைத் தனி டிராக்கில் மியூட் செய்து வைத்திருங்கள். டிராக் பெயர்களைப் பார்த்தே மற்றவர் வேலையைத் தொடர முடிய வேண்டும்.

சிங்க் (படமும் ஒலியும் பொருந்துவது) பற்றிய கேள்வி வராமல் இருக்காது. 20 நிமிட ரீலின் தொடக்கத்தில் உதடு பொருந்துகிறது, முடிவில் ஒரு நொடிக்கு மேல் விலகுகிறது என்றால், நொடிக்கு 24 ஃபிரேமும் 23.976 ஃபிரேமும் எங்கோ கலந்துவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். வித்தியாசம் 0.1 சதவீதம்தான், ஆனால் 20 நிமிடத்தில் அது 1.2 நொடி ஆகிவிடும். விலகல் தொடக்கம் முதல் ஒரே அளவில் இருந்தால் வேறு கதை. நகர்த்தி வைத்தால் போதும். படம் தொடங்குவதற்கு 2 நொடி முன்னால் வரும் ஒரு ஃபிரேம் பீப் ஒலி எதற்கு என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்ப் படங்கள் தெலுங்குக்கும் இந்திக்கும் போவதால் வசனம் இல்லாமல் இசையும் மற்ற ஓசைகளும் மட்டும் உள்ள எம் அண்ட் இ டிராக் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். மேஜையில் டம்ளர் வைக்கும் ஓசை வசனத்தோடு சேர்ந்தே பதிவாகியிருந்தால், தமிழ் வசனத்தை எடுத்ததும் அதுவும் போய்விடும். ஃபோலியில், அதாவது ஸ்டுடியோவில் ஓசைகளைச் செய்து பதிவு செய்யும் முறையில், அதைத் திரும்ப உருவாக்க வேண்டும். இதை நீங்களே எடுத்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற பதிவு அளவுகள், 5.1, அட்மாஸ் என்ற சரவுண்ட் ஒலி வடிவங்கள் போன்ற அடிப்படைகளை ஒருமுறை புரட்டிவிட்டுப் போங்கள். மாதிரி வேலை காட்டும்போது நீங்கள் செய்த பகுதியை மட்டும் உங்களுடையது என்று சொல்லுங்கள். இந்தத் துறை சிறியது, யார் எதைச் செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சம்பளம் மாதக் கணக்கா படக் கணக்கா, ரிலீஸ் நெருங்கும்போது இரவு வேலை எப்படி இருக்கும், டைட்டிலில் பெயர் வருமா என்பதையெல்லாம் தயங்காமல் அங்கேயே கேட்டுவிடுங்கள்.