கரிசல் கொல்லையில் மேட்டுப்பாத்தி: கேட்டதும் சொன்னதும்

எங்கள் வீடு விளாத்திகுளம் பக்கம். பதினெட்டு வருஷமாகக் கொல்லையில் கரிசலிலேயே காய்கறி போடுகிறேன். கரிசல் மண்ணையும் மேட்டுப்பாத்தியையும் பற்றிப் பலரும் கேட்டவற்றுக்கு, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, கோவில்பட்டியில் புதுவீடு கட்டியிருக்கிறோம். ஐப்பசி மழைக்குக் கொல்லையில் மூன்று நாள் தண்ணீர் நிற்கிறது. சித்திரையில் கை நுழையும் அளவுக்கு மண் வெடிக்கிறது. கரிசலை இரண்டடி வெட்டி எடுத்துவிட்டுச் செவல்மண் அடித்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. நான் முதல் வருஷம் அதைத்தான் செய்தேன். குழி வெட்டிச் செவல் நிரப்பி இரண்டு பப்பாளி வைத்தேன். கார்த்திகை மழையில் இரண்டும் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டன. சுற்றியிருக்கும் கரிசல் தண்ணீரை விடாது. அதனால் நடுவில் நாம் வெட்டிய குழி தொட்டி ஆகிவிடுகிறது, பெய்கிற மழையெல்லாம் அதில் இறங்கி நின்றுவிடுகிறது.

கரிசலில் இருக்கும் களித்துகள்கள் மெல்லிய தகடுகளாக அடுக்கியிருக்கும். ஈரம் பட்டால் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து மண் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதே துகள்தான் உரச்சத்தைப் பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கிறது. இவ்வளவு நல்ல மண்ணைக் காசு கொடுத்து வெளியேற்றாதீர்கள், உயர்த்திக் கொடுங்கள்.

பாத்தி நாலடி அகலம், எட்டடி நீளம், ஓரடி உயரம் இருக்கட்டும். நாலடிக்கு மேல் போனால் நடுவில் கை எட்டாது, பாத்திக்குள் கால் வைத்து மிதிப்பீர்கள், மண் இறுகும். இந்த அளவுக்கு 32 கன அடி மண் வேண்டும். பாதி கரிசல், கால் பங்கு செவல், கால் பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம். கரிசலை வெளியே தேட வேண்டாம். பாத்தியின் இரண்டு பக்கமும் இரண்டடி அகலத்துக்கு நடைபாதை விட்டு அதை அரை அடி தோண்டினால் 16 கன அடி கிடைத்துவிடும். நடைபாதையே மழைக்கு வாய்க்கால். கொல்லையின் தாழ்ந்த மூலைக்கு அதற்கு வாட்டம் கொடுத்துவிடுங்கள். நாலு பாத்தி போட்டாலும் செவல் 32 கன அடிதான், அதாவது ஒரு யூனிட்டில் (100 கன அடி) மூன்றில் ஒரு பங்கு. பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரு லோடு வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம்.

அப்புறம், நிரப்புவதற்கு முன்னால் அடித்தரையைக் கடப்பாரையால் குத்திக் கிளறிவிடுங்கள். அடியில் ஜல்லி பரப்பாதீர்கள். ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் மேல்மண் முழுக்க ஊறித் ததும்பினால்தான் ஜல்லிக்குள் தண்ணீர் இறங்கும், அதுவரை வேர் ஈரத்திலேயே நிற்கும்.

கேள்வி: நாலைந்து சட்டி மணல் கலந்தால் மண் இளகாதா?

இளகாது, இன்னும் இறுகும். பாதிக்கு மேல் மணல் இருந்தால்தான் களிமண்ணின் குணம் மாறும். அவ்வளவு மணலுக்குக் கொடுக்கும் பணத்தில் தொழுவுரம் வாங்குங்கள்.

கேள்வி: ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். எல்லாக் கரிசலுக்கும் போடலாமா அக்கா?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கோலிக்குண்டு அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுங்கள். கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி, கட்டியை மெதுவாக உள்ளே விட்டு, ஆட்டாமல் ஒரு நாள் வையுங்கள். கட்டி பொலபொலவென்று உதிர்ந்து அடியில் குவிந்து, மேலே தண்ணீர் தெளிவாக நின்றால் ஜிப்சத்துக்கு வேலையில்லை. உதிர்ந்த மண்ணைச் சுற்றிப் பால் கரைத்த மாதிரி கலங்கல் பரவினால் மண்ணில் சோடியம் கூடியிருக்கிறது. அதற்குத்தான் ஜிப்சம். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை செய்து அவர்கள் சொல்லும் கணக்குப்படி போடுங்கள். இந்தச் சோதனைக்கு போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு கலங்கலைப் படியவைத்து நம்மை ஏமாற்றிவிடும்.

கேள்வி: பாத்தியைச் சுற்றி என்ன அடைப்பது? செங்கல் வைத்துப் பூசலாம் என்கிறார் கொத்தனார்.

பூச வேண்டாம். கீழே மண் உப்பிச் சுருங்கும்போது பூச்சு விரிசல் விடும். ஹாலோ பிளாக்கைப் பூசாமல் வரிசையாக அடுக்கி வையுங்கள். மண் அசைந்தால் கல்லும் கூடவே அசைந்து கொடுக்கும், இடுக்கு வழியே தண்ணீரும் வடியும். பலகை வைத்தால் கரையான் விடாது. ஒன்றுமே அடைக்காமல் ஓரத்தைச் சரிவாகத் தட்டிவிட்டாலும் போதும். என் பாத்திகளில் பாதி அப்படித்தான் இருக்கின்றன.

இன்னொன்று: வீட்டுச் சுவரை ஒட்டிப் பாத்தி போடாதீர்கள், குறைந்தது ஐந்தடி தள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் தினமும் ஈரமாக இருந்தால் அங்கே கரிசல் உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கும்.

கேள்வி: அம்மா, கத்தரியில் கொழுந்து இலை வெளிறி மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. பழைய இலை நன்றாக இருக்கிறது.

இரும்புச்சத்துக் குறை. கரிசலில் சுண்ணாம்பு அதிகம், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து சாயங்காலம் இலையில் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. தண்ணீரையும் குறைத்துப் பாருங்கள், சொதசொதவென்று இருந்தால் இந்த மஞ்சள் கூடும்.

கேள்வி: கேரட், முருங்கை வருமா?

கேரட் கோணலாகக் கிளைத்துப் போகும், முள்ளங்கி வையுங்கள். முருங்கை அருமையாக வரும், ஒன்றரை அடி மேடு கட்டி அதன் உச்சியில் நடுங்கள். தண்ணீர் நின்றால் அதற்கு ஆகாது.

கேள்வி: மழைக்கு மேட்டுப்பாத்தி சரி. கோடையில் சீக்கிரம் காய்ந்துவிடாதா?

காயும். அதனால்தான் ஓரடி உயரத்தோடு நிறுத்தச் சொல்கிறேன். மாசி கடைசியிலேயே மூன்று அங்குலத்துக்கு மூடாக்குப் போட்டுவிடுங்கள். உளுந்தம்பொட்டு, நறுக்கிய சோளத்தட்டை, எது கிடைத்தாலும் சரி, தண்டை ஒட்டாமல் பரப்புங்கள். வெடிப்பு விழுந்துவிட்டால் உடனே குடம் குடமாக ஊற்றாதீர்கள், தண்ணீர் வெடிப்பு வழியே வேரைத் தாண்டி இறங்கிவிடும். களைக்கொத்தியால் மேல்மண்ணைக் கொத்தி வெடிப்பை மூடுங்கள். பிறகு பூவாளியால் லேசாக நனைத்து, அரை மணி நேரம் விட்டு, மண் உப்பிய பிறகு மறுபடி ஊற்றுங்கள்.

கேள்வி: மழை விட்டு எத்தனை நாளில் கொத்தலாம்?

நாள் கணக்குப் பார்க்காதீர்கள். நாலு விரல் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உருண்டை அப்படியே தட்டையாகி ஒட்டினால் இன்னும் பதம் வரவில்லை. அந்த ஈரத்தில் கொத்தினால் கட்டி கட்டியாகப் புரண்டு, காய்ந்ததும் கல்லாகிவிடும். விழுந்ததும் நாலைந்தாகச் சிதறினால் அன்றைக்கே கொத்திவிடுங்கள், ஓரிரு நாள் விட்டாலும் மண்வெட்டி இறங்காது.