ஸ்லைடை யார் தேய்ப்பது?

அன்புள்ள ஐயா,

சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. நிலவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இதுவரை 84 சதவீதம் வைத்திருக்கிறேன். ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று ஆசை. ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. சேர்வதா, எம்.எஸ்ஸி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்புக்குப் போவதா, கடன் வாங்கி அமெரிக்காவில் எம்.எஸ். படிப்பதா என்று குழப்பமாக இருக்கிறது. கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகம் வீட்டுக்குப் பக்கம். ஆனால் உள்ளூரிலேயே படித்தால் மதிப்பு இருக்காது என்கிறார்கள் தோழிகள். தேசியத் தரவரிசைப் பட்டியலை இணைத்திருக்கிறேன், எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லுங்கள். அப்பா அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறார். குரூப் 4 எழுது, ஆராய்ச்சி என்று போனால் கல்யாண வயது தாண்டிவிடும் என்கிறார். இன்னொன்று, களப்பயணம் போனால் எனக்கு எல்லாக் கல்லும் ஒன்றுபோலவே தெரிகிறது. இது ஒரு குறையா?

ர., சேலம்

அன்புள்ள ர.,

உங்கள் கேள்விகளில் பலவற்றுக்கு உங்கள் ஆசிரியர்களே பதில் சொல்லிவிடுவார்கள். கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அண்மையில் ஒரு கல்லூரியின் நிலவியல் ஆய்வகத்துக்குப் போக நேர்ந்தது. பாறைகளைப் பார்ப்பதற்கான நல்ல நுண்ணோக்கி ஒன்று உறை போட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது. உறையை விலக்கினால் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே காய்ந்துகிடந்தன. மாணவர்கள் கை வைத்தால் கெட்டுவிடும் என்று அங்கிருந்தவர் பெருமையோடு சொன்னார். அன்றிலிருந்து மனதை அரித்துக்கொண்டிருந்த விஷயத்தை உங்கள் கடிதம் மீண்டும் கிளறிவிட்டது.

முதலில் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். ஜாம் தேர்வில் நிலவியலுக்கென்று தனித்தாள் உண்டு. வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும் அந்தத் தேர்வின் மூலம் மும்பை, காரக்பூர், ரூர்க்கி, தன்பாத் ஐ.ஐ.டி.களுக்குப் போகலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு வேறாக இருக்கிறது. எம்.எஸ்ஸி. முடிக்கும் நேரத்தில் புவி அறிவியலில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகையை வாங்கிவிட்டால் ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், திருவனந்தபுரத்தின் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம், டேராடூனின் வாடியா நிறுவனம் ஆகியவற்றின் கதவுகளைச் சொந்த உதவித்தொகையோடு தட்டலாம். எம்.எஸ்ஸி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்பு, பிடித்த துறை இன்னதென்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு நல்லது. எல்லாக் கல்லும் ஒன்றுபோலத் தெரியும் ஒருவர் இப்போதே அதில் போய் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. எம்.பில். படி என்று உறவினர் யாராவது சொன்னால் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளோடு அது முடிந்துபோனதைச் சொல்லிவிடுங்கள்.

தரவரிசைப் பட்டியலை நான் திறக்கவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் மொத்த எடையைப் போட்டுப் பார்க்கும் கணக்கு அது. நீங்கள் ஐந்து ஆண்டுகள் உட்காரப் போகிற அறையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது.

கடன் வாங்கி அமெரிக்காவில் எம்.எஸ். படிப்பதை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். இயற்கை அறிவியலில் அங்கே பிஎச்.டி.க்குச் சேர்பவர்களுக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வகுப்பெடுக்கவோ ஆய்வகத்தில் வேலை செய்யவோ வைத்து, மாதச் சம்பளமும் கொடுப்பார்கள். கட்டணம் வாங்குவது பெரும்பாலும் எம்.எஸ்.ஸுக்குத்தான். அதோடு, நம்முடைய மூன்றாண்டுப் பட்டத்தை அங்கே பல இடங்களில் போதுமானதாக எடுத்துக்கொள்வதில்லை. ஜெர்மனியிலும் முதுநிலைப் பட்டத்துக்குப் பிறகுதான் பிஎச்.டி., அதையும் பெரும்பாலும் சம்பளமுள்ள வேலையாகவே தருகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் எம்.எஸ்ஸி.யை இங்கேயே முடித்துவிட்டு, அதன் பிறகு யாராவது உங்களுக்குப் பணம் கொடுத்துக் கூப்பிட்டால் போவதுதான் சரி. தறியில் வந்த பணத்தை அடகு வைத்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போகாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்கும் நீங்கள் அங்கே நுண்ணோக்கியில் பார்ப்பதற்கான கல் ஸ்லைடை யார் தேய்க்கிறார்கள் என்று ஏன் கேட்கவில்லை?

நான் படித்த காலத்தில் எங்கள் துறையில் ஸ்லைடுகள் பீரோவில் பூட்டிக் கிடந்தன. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் அவற்றை வெளியே எடுப்பார்கள். அவற்றைப் பார்த்து வரைய வேண்டிய அவசியமே எங்களுக்கு இருந்ததில்லை. சீனியரின் ரெக்கார்டு நோட்டு கைமாறி வந்துவிடும், அதைப் பார்த்து வட்டத்துக்குள் இளஞ்சிவப்பும் பச்சையும் தீட்டினால் போதும். ஒருமுறை ஏற்காட்டுச் சாலையில் நானே உடைத்துக் கொண்டுவந்த கல்லில், கனிமங்களின் ஓரத்தைச் சுற்றிப் புத்தகத்தில் இல்லாத பழுப்பு நிற விளிம்பு ஒன்றைப் பார்த்து அப்படியே வரைந்தேன். எங்கள் விரிவுரையாளர் அதன் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டு, புத்தகத்தில் இருப்பதுபோல வரைந்து வா என்றார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. கண்ணால் கண்டதை அழித்துவிட்டுப் பிறர் எழுதியதை எழுதப் பழக்கும் அந்த நோட்டுதான் நம் அறிவியல் மாணவர்களை முதலாண்டிலேயே கொன்றுவிடுகிறது. எல்லாக் கல்லும் ஒன்றுபோலத் தெரிவதாக நீங்கள் எழுதியிருப்பதும் அதன் விளைவே ஒழிய உங்கள் கண்ணின் குறை அல்ல.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்த ஆய்வகத்தின் உதவியாளர். பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். மாலையில் எல்லோரும் போன பிறகு கண்ணாடித் தட்டில் கார்போரண்டம் என்ற தேய்ப்புப் பொடியைத் தூவி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, கண்ணாடித் துண்டில் கனடா பால்சம் என்ற பிசினால் ஒட்டிய கல் சில்லை இரண்டு விரல்களால் அழுத்தி எட்டுப் போட்டபடி தேய்ப்பார். கல் 0.03 மில்லிமீட்டர் கனத்துக்கு வர வேண்டும். அளக்கக் கருவி ஏதும் கிடையாது, கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் நிறம்தான் அளவு. ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் இரண்டு துருவத் தகடுகளையும் குறுக்காக வைத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் கனமாக இருக்கிறது. சாம்பலும் வெள்ளையுமாகத் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்றுத் தேய்த்தாலும் கல்லே காணாமல் போய்விடும். "அவசரப்பட்டா கல்லு போயிடும் தம்பி" என்பார். அவர் கையைப் பார்த்துத் தேய்த்துப் பழகிய பிறகு எனக்கு இரண்டு கற்கள் ஒன்றுபோலத் தெரிந்ததே இல்லை. விரலுக்கு அடியில் ஒன்று கரகரக்கும், இன்னொன்று வழுக்கும், மைக்கா உள்ள கல் ஓரத்தில் உரியும். கண் பார்ப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, ஆனால் சேலத்தில் இருந்துகொண்டு எல்லாக் கல்லும் ஒன்றுபோல இருக்கிறது என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்துக்குப் போனால், பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருந்து வந்த கறுத்த டியூனைட் பாறைக்குள் வலைபோல ஓடும் மாக்னசைட் என்ற வெள்ளைக் கனிமத்தைப் பார்க்கலாம். மறுபுறம் கஞ்சமலையில் இரும்புக் கல் கனக்கிறது. ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில், சாலைக்காக வெட்டிய இடங்களில் எல்லாம் சார்னோகைட் என்ற பாறை. வெயிலும் மழையும் பட்ட மேல்தோல் பழுப்பாக இருக்கும். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே எண்ணெய் பூசியதுபோலப் பச்சை கலந்த கருஞ்சாம்பல் நிறம். அதைச் சீவித் தேய்த்து நுண்ணோக்கியின் மேடையைச் சுழற்றினால், அதிலுள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கு மாறும். நீங்கள் ரெக்கார்டில் வண்ணப் பென்சிலால் தீட்டியது அந்த மாற்றத்தைத்தான்.

அந்தக் கல்லைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்கத்தாக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அவர் பெயரையே பாறைக்கு வைத்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, 1900இல் வெளியிட்ட ஆய்வில் இது உருகிய குழம்பு உறைந்து உண்டான பாறை என்றார். பின்னால் வந்தவர்கள் பலர், ஏற்கெனவே இருந்த, பட்டை பட்டையான நைஸ் பாறை பூமிக்குள் வெகு ஆழத்தில் கடும் வெப்பத்தில் நீரை இழந்து இப்படி மாறியது என்றார்கள். நீரை விரட்டியது எது என்பதில் அடுத்த சண்டை. ஆழத்திலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடு என்று ஒரு தரப்பு. பாறை ஓரளவு உருகியபோது அந்த உருகலே நீரை வாங்கிக்கொண்டு போனது என்று மறு தரப்பு. முதல் தரப்புக்குக் கிடைத்த பெரிய சாட்சிகளில் ஒன்று கர்நாடகத்தின் கப்பால்துர்கா குவாரி. அங்கே சாம்பல் நிற நைஸ் பாறைக்குள் விரிசல்களை ஒட்டித் திட்டுத் திட்டாகச் சார்னோகைட் உண்டாகியிருப்பதை வெறும் கண்ணால் பார்க்கலாம். குவார்ட்ஸுக்குள் நுண்ணிய குமிழிகளாக அடைபட்ட கார்பன் டை ஆக்சைடு இன்னொரு சாட்சி. ஒரு திட்டின் ஓரம் எங்கே தொடங்குகிறது, ஒரு குமிழி எந்தக் கனிமத்துக்குள் அடைபட்டிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்களின் வாதம் இது. புத்தகத்தைப் பார்த்து வரைபவருக்கு இதில் இடமே இல்லை. சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள பாறையாலான ஏற்காட்டு மலை உங்கள் வீட்டு மாடியிலிருந்தே தெரியுமே!

ஆகவே எம்.எஸ்ஸி.க்கோ பிஎச்.டி.க்கோ ஓர் இடத்தைப் பார்க்கும்போது, நெறியாளரின் கட்டுரைகளை எண்ணுவதற்கு முன் அவருடைய ஆய்வு மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். மாதிரியை யார் உடைத்துக் கொண்டுவந்தது, ஸ்லைடை யார் தேய்த்தது என்று கேளுங்கள். எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி ஒவ்வொரு கனிமத்தின் வேதிக் கூறுகளையும் அளக்கும் பெரிய கருவிகள் எல்லா இடத்திலும் இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் மாதிரியை எடுத்துக்கொண்டு மாணவரே அந்தக் கருவி இருக்கும் ஊருக்குப் போய் அதன் முன்னால் உட்காருகிறாரா, அல்லது பொட்டலத்தைக் கூரியரில் அனுப்பிவிட்டு எண்கள் வரும் வரை காத்திருக்கிறாரா என்பதைக் கேளுங்கள். எதிர்பாராத எண் வந்தபோது நெறியாளர் என்ன சொன்னார் என்று கேளுங்கள்; திரும்ப அளந்து பார் என்று சொன்னாரா, அந்தப் புள்ளியை வரைபடத்திலிருந்து எடுத்துவிடு என்று சொன்னாரா? இந்த ஒரு பதிலில் அந்த ஆய்வகத்தின் குணம் முழுவதும் தெரிந்துவிடும். கடைசியாகப் பட்டம் வாங்கிப் போனவர் எத்தனை ஆண்டுகளில் முடித்தார், இப்போது எங்கே இருக்கிறார் என்பதையும் விசாரியுங்கள். பெண்ணாக இருப்பதால் களத்துக்கு அனுப்ப யோசிக்கிறார்கள் என்று ஒரு மாணவி சொன்னால் அந்த இடத்தை அப்போதே விட்டுவிடுங்கள்.

பக்கத்தில் இருப்பதாலேயே பெரியார் பல்கலைக்கழகத்தை ஒதுக்காதீர்கள். நிலவில் இறங்கும் ஊர்தியைச் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, அதற்கான அனார்த்தோசைட் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கத்திலிருந்துதான் போனது. அந்த வேலையில் இந்தப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்கும் பங்கு உண்டு. அங்கேயும் போய் மேலே சொன்ன அதே கேள்விகளைக் கேளுங்கள். பதில் நன்றாக இருந்தால் காரக்பூர் வரை ரயில் ஏற வேண்டியதில்லை. நன்றாக இல்லாவிட்டால் வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகச் சேராதீர்கள்.

கல்யாண வயதைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அப்பாவின் பயம் உண்மையில் வருமானத்தைப் பற்றியது என்று நினைக்கிறேன், அதற்குக் கணக்கு இருக்கிறது. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஆராய்ச்சி பிடிக்காமல் போனாலும், இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் நிலவியலாளர் பணிக்கு மத்தியத் தேர்வாணையம் நடத்தும் தேர்வை எழுத நிலவியலில் எம்.எஸ்ஸி. வேண்டும். அது குரூப் ஏ அரசு வேலை. இதை அப்பாவிடம் சொல்லுங்கள், குரூப் 4 பேச்சை அவரே விட்டுவிடுவார். ஜாம் விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பரில் திறக்கும். கட்டணத்துக்கான பணத்தை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.