மெட்ரிக் முடிச்சு சைல்ட் அண்ட் அடலசன்ட் டெவலப்மென்ட் படிக்கலாமா, வேலை கிடைக்குமா?

அக்கா, மக மெட்ரிக் (12வது பரீட்சை) எழுதப் போறா, யூடியூப்ல ஒரு அமெரிக்கப் பொண்ணு பேசுனதப் பாத்துட்டு சைல்ட் அண்ட் அடலசன்ட் டெவலப்மென்ட், அதாவது பிள்ளைங்களும் டீனேஜ் பசங்களும் எப்படி வளர்றாங்கன்னு படிக்கற டிகிரிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, நம்ம தென்னாப்பிரிக்கா டர்பன்ல இது இருக்கா, படிச்சா சோறு போடுமான்னு கேட்டிருக்கீங்க. நான் இங்கயே சைல்ட் அண்ட் யூத் கேர் படிச்சு வீட்ல இருக்க முடியாத பிள்ளைங்களப் பாத்துக்கற ஒரு ஹோம்ல வேலை பாக்கறவ, அந்த அளவுக்குச் சொல்றேன்.

அந்தப் பேர்லயே டிகிரி குடுக்கறது அமெரிக்காவுல கலிஃபோர்னியா பக்கம், நார்த்ரிட்ஜ், சான் ஹோசே மாதிரி ஸ்டேட் யுனிவர்சிட்டிங்க. நம்ம ஊர்ல அந்தப் பாடம் மூணு பக்கமா பிரிஞ்சு கிடக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு டீச்சராகணும்னா பி.எட் ஃபவுண்டேஷன் ஃபேஸ், 4 வருஷம், கிரேட் ஆர்ல (ஒண்ணாம் கிளாசுக்கு முந்துன வருஷம்) இருந்து கிரேட் 3 வரைக்கும் எடுக்கலாம், குவாசுலு-நட்டால் யுனிவர்சிட்டியோட பைன்டவுன் எட்ஜ்வுட் கேம்பஸ்ல இருக்கு. ஹோம்ல இருக்கற பிள்ளைங்க, தெருவுல நிக்கிற டீனேஜ் பசங்க, இவங்களோட வேலைன்னா டர்பன் யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜில நான் படிச்ச சைல்ட் அண்ட் யூத் கேர் கோர்ஸ், அதுவும் 4 வருஷம். மூணாவது சைக்காலஜி, இங்கதான் நெறைய அம்மா அப்பா ஏமாறுறாங்க, 3 வருஷ டிகிரிய வச்சுகிட்டு சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்ட முடியாது, ஹானர்ஸ், மாஸ்டர்ஸ், இன்டர்ன்ஷிப்னு இழுத்துகிட்டே போகும், மாஸ்டர்ஸ்ல எடுக்கறதே கொஞ்சப் பேரத்தான். அதனால எந்த கோர்ஸா இருந்தாலும், முடிச்சதும் எந்த கவுன்சில்ல பதிவு பண்ண முடியும்னு முதல்ல கேளுங்க. டீச்சருக்கு சேஸ்னு (SACE) சொல்ற டீச்சர்ஸ் கவுன்சில், எங்களுக்கு சோஷியல் சர்வீஸ் கவுன்சில், சைக்காலஜிக்கு ஹெல்த் ப்ரொஃபெஷன்ஸ் கவுன்சில். இதுக்கு வாயத் தொறந்து பதில் சொல்லாத பிரைவேட் காலேஜ் பக்கம் போகவே வேணாம்.

சரி, உள்ள என்ன படிப்பாங்கன்னா, பிள்ளைங்க வளர்ச்சியப் பத்தி எழுதுன பியாஜே, எரிக்சன், வைகாட்ஸ்கின்னு அவங்க தியரி வரும், மனப்பாடம் பண்ணிடலாம். ஆனா ஆளை மாத்துறது அப்சர்வேஷன்தான். கிரெச்சுல (சின்னப் பிள்ளைங்கள பகல்ல பாத்துக்கற இடம்) ஒரு மூலைல உக்காந்து ஒரே பிள்ளைய பாத்து எழுதணும், "கோவப்பட்டான்"னு எழுதுனா லெக்சரர் சிவப்பு மையில அடிச்சிருவாங்க, நீ கோவத்தப் பாத்தியா, என்னத்தப் பாத்த? "கட்டைய தள்ளிவிட்டான், டீச்சர் மூஞ்சியப் பாத்தான், திரும்ப எடுத்து அடுக்குனான்", இப்படி எழுதணும். கேக்க சுலபமா இருக்கும், ஆனா நம்ம வாய் உடனே "சேட்டக்காரன்"னு பேர் வைக்கத்தான் பழகியிருக்கு. இன்னைக்கும் ஹோம்ல ரிப்போர்ட் எழுதும்போது இந்தப் பழக்கம்தான் கை குடுக்குது, ஏன்னா அந்தப் பேப்பர் கோர்ட்டு வரைக்கும் போகும்.

அந்த பியாஜே செஞ்ச மாதிரி வீட்லயே ஒண்ணு செஞ்சு பாருங்க. ஒரே மாதிரி ரெண்டு கிளாஸ்ல ஓரோஸ் ஆரஞ்சு ஜூஸ் சமமா ஊத்தி, 4 வயசுப் பிள்ளை கண்ணு முன்னாடியே ஒண்ண உயரமான ஒல்லி கிளாசுக்கு மாத்துங்க. எதுல அதிகம்னு கேட்டா பெரும்பாலும் ஒல்லி கிளாசத்தான் காட்டும். எங்க சின்னம்மா பேத்தி அப்படித்தான் காட்டுனா, ஆயா தலைல அடிச்சுகிட்டாங்க, "கண்ணு முன்னாடிதானே ஊத்துனா!"ன்னு. அந்த வயசுக்கு அது சரியான பதில்தான், 6, 7 வயசுல தானா மாறும்.

டீனேஜ் பாடம் எனக்கு இன்னும் பிடிக்கும். மூளைல முன் பகுதி முழுசா முதிர 20 தாண்டிடும், கூட ஃப்ரெண்ட்ஸ் இருந்தா அவங்க எடுக்கற ரிஸ்க் கூடும்னு படிச்சப்போதான் எங்க ஹோம் பசங்க வெள்ளிக்கிழமை ராத்திரி ஏன் அப்படி ஆடுறாங்கன்னு புரிஞ்சுது. (புரிஞ்சா மட்டும் தூங்க விடுவாங்களா என்ன.)

புக்கு பூரா வெள்ளக்காரப் பிள்ளைங்கதான்னு ஒரு குறை எனக்கு உண்டு. அதுலயும் அட்டாச்மென்ட் (பிள்ளைக்கும் வளக்கறவங்களுக்கும் உள்ள பாசப் பிணைப்பு) பாடத்துல வர்ற ஆராய்ச்சியாளர் மேரி எய்ன்ஸ்வொர்த், அமெரிக்காவுல பால்டிமோர்ல ஆராய்ச்சி பண்றதுக்கு முன்னாடி 1950கள்ல உகாண்டா கிராமங்கள்ல அம்மாவையும் பிள்ளையையும் வீட்டுக்கே போய் பாத்தவங்க, இதை யாரும் பெருசா சொல்றதில்ல. நம்ம நாட்டுலயே 1990ல சொவேட்டோ, ஜோபர்க்ல (ஜோகன்னஸ்பர்க்) பொறந்த 3,000க்கு மேற்பட்ட பிள்ளைங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்த 'பர்த் டு ட்வென்டி' ஆராய்ச்சி இருக்கு, மகளை அதைத் தேடிப் படிக்கச் சொல்லுங்க.

சம்பளம் பெருசா இல்ல, ஷிஃப்ட் உண்டு, தீபாவளி, காவடின்னு லீவு கேட்டா எப்பவும் கிடைக்காது. சுலு தெரிஞ்சா பாதி வேலை சுலபம், வர்ற பிள்ளைங்க நெறைய பேருக்கு அதான் வீட்டு மொழி, இப்பவே பழகட்டும். இது தவிர ஸ்டாடிஸ்டிக்ஸ் ஒண்ணு வரும், ஸ்கூல்ல சாதா மேத்ஸுக்குப் பதிலா எடுக்கற மேத்ஸ் லிட்ரசிய வச்சுகிட்டு சமாளிச்சவங்களும் இருக்காங்க, ஆனா ஒவ்வொரு கோர்சுக்கும் என்ன கேக்கறாங்கன்னு பாத்துக்கங்க.

காசுக்கு, வீட்டு வருமானம் வருஷம் 350,000 ராண்டுக்குள்ள இருந்தா நெஸ்ஃபாஸ் (NSFAS) அரசாங்கப் படிப்பு உதவிக்குப் போடலாம், பி.எட்னா டீச்சருக்குப் படிக்கறவங்களுக்கான ஃபுன்சா லுஷாகா பர்சரியும் இருக்கு. அப்ளிகேஷன் நம்ம குவாசுலு-நட்டால் மாகாணத்துல சென்ட்ரல் அப்ளிகேஷன்ஸ் ஆஃபீஸ் வழியாத்தான் போகணும், வழக்கமா செப்டம்பர் கடைசியோட மூடிடுவாங்க, மெட்ரிக் ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்காதீங்க, கிரேட் 11 மார்க்க வச்சே போட்டுடலாம். அதுக்கு முன்னாடி ஸ்கூல் லீவுல ஏதாவது ஒரு கிரெச்சுல ஒரு வாரம் சும்மா உதவிக்கு அனுப்பிப் பாருங்க, மூக்கு தொடைக்கறதுல இருந்து எல்லாம் செய்யட்டும், அப்புறமும் இதான் வேணும்னு சொன்னா ஃபாரத்த நிரப்பிடலாம்.