மிகுபுனைவில் (ஃபேன்டஸியில்) இன்னொருவர் சாயல் இருந்தாலே காப்பியா?

குடியாத்தத்திலிருந்து எழுதும் உங்கள் நாவலில் எல்ஃப் என்னும் மாய இனத்தார், குள்ளர், மந்திர மோதிரம் எல்லாம் வருகிறது. நண்பர் "இது 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் காப்பி" என்றதும் பாதியில் வைத்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

டோல்கீனும் பழைய கதைகளிலிருந்து எடுத்தாண்டவர்தான். 1937-இல் வந்த அவருடைய 'தி ஹாபிட்' நாவலின் குள்ளர் பெயர்களில் பெரும்பாலானவை 'வோலுஸ்பா' என்ற பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவியப் பழமொழி அல்ல, அங்கத்திய பழைய மொழி) பாடலில் உள்ளவை. அதில் வரும் மந்திரவாதியின் காண்டால்ஃப் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததே. ஆனால் அவர் அந்த மொழியையே கரைத்துக் குடித்தவர். பின்னால் வந்த பலர் மூலத்துக்குப் போகாமல், அவர் சமைத்து வைத்ததையே சூடுபண்ணிப் பரிமாறினார்கள். இந்த வகை எழுத்து நீர்த்துப்போனது அதனால்தான்.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கதை தெரியாதவர் யார்? இருந்தும் துரியோதனன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளத்தன்று, மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் தொடையில் வீமன் வேஷக்காரர் அடிக்கும்போது கூட்டமே உறைந்து நிற்கும். அப்புறம் ஒப்பாரி எழும், பாருங்கள், அழாதவர் குறைவு. கதை பழையது என்பது குறையே இல்லை, அதை நம் மண்ணில் வாழவைப்பதில்தான் எல்லாம்.

சரி, உங்கள் நாவல். எல்ஃப் காட்டுக்கு ஜவ்வாது மலை என்று பெயர் மாற்றினால் மட்டும் போதாது. நீங்கள் பதிவிட்ட பகுதியில், மணலுக்கடியில் ஓடும் ஆறு என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறதே, அது பாலாறு! மேலே காய்ந்த மணல், தோண்டினால் ஊற்று. அந்த நீர் யாருக்குக் கட்டுப்படும், கேட்டால் பதிலுக்கு எதை வாங்கும் என்று எழுதிப் பாருங்கள். மோதிரம் வேண்டுமா என்பது எழுதும்போதே தெரிந்துவிடும். அடுத்த அத்தியாயத்தை இங்கே போடுங்கள், படிக்கிறேன்.